தளவாயின் சிவப்பு மரம்

தளவாயின் முதல் நரம்பணு கருங்கால்பட்டி பேருந்து நிலையத்துக்கு மேலே வந்து நின்ற காலையில், ஊர் அதை அண்ணாந்து பார்த்தது. இலையில்லாத பச்சை மரம்போல இருந்த அதன் தாழ்ந்த கிளையில் ஈரத்துணி காயுமா என்று பூக்கடைக்காரி ஒரு துண்டை எறிந்து பார்த்தாள். துண்டு கிளைக்குள் புகுந்து மறுபக்கம் விழுந்தது. காயாது என்று தெரிந்ததும் எல்லோரும் அவரவர் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அது தென்னை உயரம் இருந்தது. வேர் இல்லை, அடிமரம் இல்லை. நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை, அதிலிருந்து மேலும் கீழும் பிரிந்து பிரிந்து நூலாகி முடியும் கிளைகள், தரைக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. நிழல் விழ வேண்டிய இடத்தில் பச்சை விழுந்தது. அந்தப் பச்சைக்குள் போய் நின்றவர்களுக்கு, தாங்களே என்றோ பார்த்த காரியம்போல ஒரு நினைவு வந்தது: கை நிறைய கிரீஸ், அணைக்கட்டின் இரும்புப் படி, பிறகு ஒரு வீட்டு வாசல், உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "குளிச்சிட்டு உள்ள வாரும். அந்தக் கையோட சோத்துப் பானையத் தொட்டீரு, நடக்கிறதே வேற."

மத்தியானம் தளவாயின் மனைவி பிரமு வந்தாள். பச்சைக்குள் நின்று தன் குரலைத் தானே கேட்டாள்.

"இது எங்க வீட்டு ஆளுதான்," என்றாள். "நான் ஏசுனதத் தவிர வேற ஒண்ணும் ஞாபகம் வச்சுக்கலையாக்கும்."

தளவாய் மேலணையில் ஷட்டர் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். கை நடுக்கத்திலும் மறதியிலும் போன வருஷம் இறந்தார். மருத்துவக் கல்லூரி டாக்டர் ஒருவர் ஆராய்ச்சிக்கு மூளை வேண்டும் என்று கேட்டார், பிரமு கொடுத்தாள். அது எங்கோ கடல் தாண்டிப் போய், அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவப்பட்டு, சீவலுக்கு ஒரு படமாக எடுக்கப்பட்டு, அந்தப் படங்கள் வேலைக்காக உலகத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் கருங்கால்பட்டி உரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தன. எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. "வெளியூர் போனவரு ஊருக்கு வரத்தான செய்வாரு," என்றார் டீக்கடை அருணாசலம். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

உரக்கடை மாடியில் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். கறுப்புத் திரையில் சாம்பல் பொட்டுகளாகத் தெரியும் ஒரு சீவலில் ஒரு பொட்டைப் பிடித்து, அடுத்த சீவலில் அது எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்துப் புள்ளி வைத்து, அதற்கடுத்ததில், அதற்கடுத்ததில் என்று போய்க்கொண்டேயிருந்தால், மென்பொருள் அந்தப் புள்ளிகளைக் கோத்து முப்பரிமாணத்தில் ஒரு மரமாக நிமிர்த்தி வைக்கும். அதற்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும். ஒரு மரம் ஒரு நரம்பணு, ஒரு நரம்பணுவுக்கு ஒரு நிறம், அதுதான் சட்டம். நிறம் கொடுத்துச் சேமித்ததும் மரம் திரையிலும் நின்றது, ஊரிலும் நின்றது.

ஆகவே ஊர் நிறம் நிறமாக நிறைந்தது. ரேஷன் கடைக்கு மேலே ஆரஞ்சு மரத்தில் மாங்காய்ப் புளிப்பு இருந்தது என்பதால் மசக்கைக்காரிகள் அங்கே வரிசை நின்றார்கள், ரேஷன் வாங்க வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்ற பழுப்பு மரத்தின் கீழே விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தளவாய் தப்பாகப் படித்த மாதிரியே தப்பாகச் சொல்ல ஆரம்பித்ததால் தலைமையாசிரியர் அதைச் சுற்றிக் கயிறு கட்டினார். பேரூராட்சி கூடிப் பேசி, தரையைத் தொடாத மரம் ஆக்கிரமிப்பு ஆகாது என்று முடிவெடுத்தது. தன் கடை டீயைத் தளவாய் எப்படிக் குடித்தார் என்பதை ஒரு நீல மரத்தின் கீழே அறிந்துகொண்ட அருணாசலம், அன்றைக்கே பால்காரரை மாற்றினார். பிரமு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய் தபால் நிலையத்துக்கு எதிரே நின்ற ஊதா மரத்தின் கீழே போட்டுக்கொண்டாள். கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குப் பேருந்தில் போனது அதில் இருந்தது. வழி முழுக்க அவர் தூங்கினார் என்றுதான் அவள் அத்தனை வருஷமும் சொல்லிக் குறைப்பட்டிருந்தாள். அவர் தூங்கவில்லை. அரைக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இத வாயத் திறந்து ஒருநா சொல்லியிருக்கலாம்லா," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "கொள்ளையா போகுது?"

உரக்கடை மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மரங்களில் பாதியை எழுப்பியவள் உலகம்மாள். அலுவலகத்தில் உலகு. அவளுடைய அம்மா சொர்ணம், உலகு சின்ன வகுப்பில் படிக்கும்போது, ஓர் ஐப்பசி மழையில், அணைக்குக் கீழே பாறையில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, திறந்துவிட்ட தண்ணீரில் போனவள். ஷட்டரைத் திறந்தவர் தளவாய். திறப்பதற்கு முன்னால் சங்கு ஊத வேண்டியவர் சங்கிலி. அது கைப்பிடியைச் சுழற்றி ஊதுகிற பழைய சங்கு. விசாரணையில் தளவாய், "ஊதினான், திறந்தேன்," என்றார். சங்கிலி, "ஊதினேன், திறந்தாரு," என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மழைச் சத்தத்தில் ஊரில் யாருக்கும் சங்கு கேட்டிருக்கவில்லை. ஊதியிருந்தால் சொர்ணம் ஏன் கரையேறவில்லை என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால், விசாரணை முடிந்தது, அத்தை உலகுவை எடுத்து வளர்த்தாள், சங்கிலி அணை வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்தார். கடை உரக்கடை மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தது. உலகு ஸ்கூட்டி வாங்கிய நாளிலிருந்து, அவள் கேட்காமலே அவர் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துக் காற்றடித்து வைப்பார். அவள் நன்றி சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. திரையில் நிற்கும் மரத்தைச் சுற்றித் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் ஒருமுறை திருப்பினால் அது திரும்பி முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மேற்பார்வை பார்த்த ரெஜினா மேடத்துக்கு அன்றன்றைக்கு மரங்கள் முடிய வேண்டும். "முன்னால இருந்து பார்த்தா தொடுதா? தொட்டா ஒண்ணுதான். சேர்த்துட்டுப் போயிட்டே இருங்க," என்பார். அதனால் யாரும் திருப்பியதில்லை.

அப்படித்தான் அந்தச் சிவப்பு மரத்தை உலகு முடித்தாள். இரண்டு கிளைகள் திரையில் ஒன்றையொன்று தொட்டன. சேர்த்தாள். சேர்த்ததும் ஒரே நரம்பணு ஆயிற்று, ஒரே நரம்பணுவுக்கு ஒரே நிறம், பட்டியலில் அடுத்து இருந்தது சிவப்பு. சேமித்தாள். சந்தை முக்கில், காய்கறிக் கூடைகளுக்கு மேலே, அதுவரை வந்ததிலேயே பெரிய மரம் எழுந்து நின்றது.

அதன் கீழே முதலில் நின்றவர்கள் காய்கறிக்காரிகள். அவர்களுக்கு மழை வந்தது, அணையின் மேல்தளம் வந்தது, சங்கின் கைப்பிடி வந்தது, உடனே பாயில் வாயைப் பிளந்து, சாராய நெடியோடு, சிரித்தபடி தூங்குகிற சங்கிலி வந்தார், பிறகு ஷட்டர் மேலே ஏறியது, தண்ணீர் போயிற்று. மத்தியானத்துக்குள் சந்தைக்கு வந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். கேள்விப்பட்டவர்கள் சந்தைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் அது தாங்களே நேரில் கண்டது.

உலகுவும் போய் நின்றாள். வெளியே வந்தபோது யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் அத்தை போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அம்மா ஏன் ஏறவில்லை என்பதற்கு ஒரு மனிதர் கிடைத்துவிட்டார், அவருக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, கடை இருந்தது.

ஊர் சங்கிலியை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. கருங்கால்பட்டியில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. பஞ்சரான சைக்கிளைப் பக்கத்து ஊர் வரை உருட்டிக்கொண்டு போனார்கள். அருணாசலம் அவருக்கு டீ கொடுத்தார், ஆனால் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதை நிறுத்திவிட்டார். முடி வெட்டுகிறவர் அவர் வந்தால் கத்திரி சாணைக்குப் போயிருக்கிறது என்றார். அவர் போன வழியில் பேச்சு நின்றது, அவர் தாண்டியதும் தொடர்ந்தது, ஊரின் மற்ற வேலைகளைப்போல அதுவும் சீக்கிரத்தில் ஒரு வேலையாகப் பழகிவிட்டது. சங்கிலி ஒருநாள் சிவப்பு மரத்தின் கீழே போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.  கடையைத் திறந்து வைத்து, பம்ப்பைத் துடைத்து வைத்து, உட்கார்ந்திருந்தார். உலகு ஸ்கூட்டியைக் கொண்டுபோய் மருந்துக்கடை வாசலில் நிறுத்தப் பழகினாள்.

கடல் தாண்டிய ஆய்வுக்கூடம் ஒரு கூட்டத்தில் காட்டுவதற்காகப் பெரிய மரங்கள் சிலவற்றை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னது. ரெஜினா அதை உலகுவிடம் கொடுத்தார். அவள் சிவப்பு மரத்தைத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள். தம்ளரோடு திரும்பி வந்தபோது மரம் பக்கவாட்டில் நின்றிருந்தது. முன்னாலிருந்து பார்த்தபோது தொட்ட இரண்டு கிளைகளும் தொடவில்லை. ஒன்று முன்னால் போயிற்று, ஒன்று வெகுதூரம் பின்னால் போயிற்று. நடுவில் அவள் சேர்த்த துண்டு, ஆற்றுக்குக் குறுக்கே யாரும் நடக்காத பாலம்போல வெறுமையில் கிடந்தது.

பின்னால் போன மரத்தை மட்டும் தனியாகப் பார்த்தாள். பாயும் சாராயமும் சிரிப்பும் அந்த மரத்தினுடையவை, வேறொரு நாளினுடையவை என்பது இப்போது புரிந்துவிட்டது. சங்கிலியின் தங்கச்சி கல்யாணத்தன்று அவர் அப்படித் தூங்கியது ஊருக்கே தெரிந்த கேலி. அணை வேறு மரம்.

"மேடம், சிவப்பு ரெண்டு செல்லு. நான் தப்பா சேர்த்துட்டேன்."

ரெஜினா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் தெரிந்தது. "அது பாஸ் ஆயிட்டுது உலகு. அங்க இருந்து நல்லாருக்குன்னு பதில் வந்தாச்சு. இப்பப் போயி பிரிச்சா, அதுவரை பண்ணுன எல்லாத்தையும் திருப்பிப் பாருன்னு சொல்லுவான். நம்ம எத திருப்பிப் பார்த்தோம்?"

"சங்கிலி மாமா..."

"உங்க அம்மா விஷயம்ங்கறதால சொல்லுதேன். உனக்கு நிம்மதியா இருக்கா, இல்லியா?"

உலகு திரைக்குத் திரும்பினாள். வீடியோவில் பக்கவாட்டுத் தோற்றம் வருகிற இடத்தை வெட்டிவிட்டு அனுப்பினாள்.

நிம்மதியாகத்தான் இருந்தது, அதுதான் அவளை அரித்தது. காலையில் மாடிப்படி ஏறும்போது கீழே பம்ப் பளபளவென்று இருந்தது. பிரித்தால் அம்மா மறுபடியும் காரணமில்லாமல் போய்விடுவாள். பிரிக்காவிட்டால் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவள் தினமும் நாளைக்குப் பார்க்கலாம் என்று மவுஸைக் கீழே வைத்தாள். நாளைக்கும் அதையே செய்தாள்.

ஒருநாள் ஸ்கூட்டியை மருந்துக்கடையில் விடாமல் நேராகக் கடைக்கே உருட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமா, அன்னைக்கு ஊதினீங்களா?"

சங்கிலி சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். "ஊதினேன்."

"பின்ன எங்கம்மா ஏன் ஏறலை?"

"நீ காத்தடிக்க வந்தியா, கேஸ் விசாரிக்க வந்தியா?"

"அந்த மரம் தப்பு. ரெண்டு மரம் அது. நான்தான் சேர்த்தேன்."

அவர் பம்ப்பை வைத்துவிட்டு அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவள் எதிர்பார்த்தபடி கோபம் வரவில்லை. அவர் பயந்ததுபோல இருந்தது.

"பிரிக்காத தாயி."

"ஊரே உங்கள..."

"ஊரு கெடக்கு. சைக்கிள்லாம் இப்ப எவன் ஓட்டுதான்? நீ அதத் தொடாத. அப்படியே இருக்கட்டும். என்ன, கேட்டியா?"

மாடிப்படியில் உட்கார்ந்து அவள் யோசித்தாள். குற்றமில்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்? அப்படியானால் சங்கு ஊதப்படவில்லை, மரம் தப்பானாலும் காரியம் சரிதான் என்று ஒருபக்கம் மனசு அவசரமாகச் சொல்லிற்று. அந்த அவசரம்தான் அவளைக் கூச வைத்தது. அவள் மேலே போய், யாரிடமும் கேட்காமல், சிவப்பு மரத்தைத் திறந்து, டீ குடிக்கப் போகாமல் அது திரும்பி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தான் சேர்த்த துண்டை வெட்டினாள். பாய் இருந்த மரத்துக்கு மஞ்சள். அணை இருந்த மரத்துக்குப் பட்டியலில் அடுத்து இருந்தது கருநீலம். சேமித்தாள்.

சந்தை முக்கில் சிவப்பு இரண்டாகப் பிளந்தது. மஞ்சள் ஒருபக்கம் விலகி வாழைக்காய் மண்டிக்கு மேலே போய் நின்றது. கருநீலம் இருந்த இடத்திலேயே நின்றது. கையில் டீத் தம்ளர்களோடு முக்கைக் கடந்துகொண்டிருந்த அருணாசலம் அதற்குள் மாட்டிக்கொண்டார். அவர் நின்றார். தம்ளர்களைத் தரையில் வைத்தார். நினைவு முடிந்து வெளியே வந்ததும் உரக்கடை மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற காய்கறிக்காரிகளும் அப்படியே ஜன்னலைப் பார்த்தார்கள், அப்படியே திரும்பிக்கொண்டார்கள்.

உலகு இறங்கி வந்தாள். கடையைத் தாண்டும்போது சங்கிலி, "போகாத தாயி," என்றார். அவள் போனாள். கூட்டம் வழிவிட்டது. பாய் வந்து மறைத்திருந்த இடம் இப்போது திறந்திருந்தது.

மழை. அணையின் மேல்தளம். சங்கிலி இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுழற்றுகிறார், சங்கு ஊதுகிறது, அடிவயிறு அதிர ஊதுகிறது. கீழே பாறையில் ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கிறாள், துணி மூட்டையைத் தோளில் போடுகிறாள், படியேறுகிறாள், மேல்படியில் வந்து நின்று கூந்தலைப் பிழிகிறாள். தளவாயின் கைகள் சக்கரத்தைத் திருகுகின்றன, ஷட்டர் ஏறுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். பாறையில் ஒரு சின்னப் பாவாடை கிடக்கிறது, பள்ளிக்கூடத்துக் கருநீலப் பாவாடை. மூட்டையை இறக்கி வைக்கிறாள், மறுபடி படியிறங்குகிறாள். சங்கிலி கத்துகிறார். தளவாய் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருகுகிறார், ஷட்டர் மெதுவாகத்தான் இறங்கும். பிறகு பாதை, சேறு, இரண்டு ஆண்கள் நனைந்துகொண்டு நடக்கிறார்கள். "பாவாடைக்காகத்தான் எறங்கினாள்னு அந்தப் பிள்ள காதுல விழக்கூடாது, சங்கிலி," என்று தளவாயின் வாய் சொல்கிறது. "விழாதுண்ணாச்சி."

முந்தின சனிக்கிழமை அந்தப் பாவாடையோடு சேற்றில் சறுக்கி விளையாடியதும், திங்கட்கிழமைக்குப் பாவாடை இல்லையென்றால் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று உருண்டு அழுததும் உலகுவுக்கு நினைவு வந்தன. அவற்றுக்குத் தளவாயின் மரம் தேவையாக இருக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கடை வாசலில் ஸ்கூட்டி அப்படியே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னேன்லா, தொடாதன்னு," என்றார் சங்கிலி. பம்ப்பை எடுத்தார். "வண்டியச் சாய்ச்சுப் பிடி. பின்சக்கரத்துல காத்து கம்மியாருக்கு."

அந்த வாரம் கருங்கால்பட்டியில் பஞ்சர் அதிகமாயிற்று. பல வருஷமாகப் பரணில் கிடந்த சைக்கிள்கள் கீழே இறங்கின. வீட்டு வாசலில் தாங்களே காற்றைப் பிடுங்கிவிட்டு, உருட்டிக்கொண்டு வந்து, "முள்ளு குத்திட்டுது போல," என்றார்கள். முள் எங்கே என்று சங்கிலி தேடவில்லை. முடி வெட்டுகிறவர் தன் கத்திரி சாணையிலிருந்து வந்துவிட்டது என்று தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார். அருணாசலம் தானே டீ கொண்டு வந்து கொடுத்து, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் அதிகமாகப் போட்டார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ரெஜினா மேடம் மட்டும் ஒரு காரியம் செய்தார்: அதுவரை முடித்த எல்லா மரங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார், ஊரில் சில நாள் மரங்கள் பிரிந்தும் சேர்ந்தும் நிறம் மாறியும் கொண்டிருந்தன, மசக்கைக்காரிகள் புளிப்பைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள், பிரமு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "இந்த மரத்த எவளாவது தொட்டீங்க, மாடிக்கு வந்துருவேன்," என்றாள்.

கருநீல மரத்தைச் சாம்பல் நிறமாக்கி மறைத்துவிடட்டுமா என்று ரெஜினா உலகுவிடம் கேட்டார். மென்பொருளில் அது ஒரு சொடுக்கு. மறைத்தால் அம்மா எதற்காக இறங்கினாள் என்பதைப் புதிதாக யாரும் பார்க்கமாட்டார்கள். சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தால், சங்கிலி அவர்களுக்கு இன்னும் பாயில்தான் கிடப்பார். உலகு வேண்டாம் என்றாள்.

அவள் இப்போது வேலை முடிந்ததும் சந்தை முக்குக்குப் போகிறாள். காய்கறிக்காரிகள் கூடைகளை ஒதுக்கி இடம் விடுகிறார்கள், ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார்கள், அந்த நேரத்துக்கு முக்கில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் கருநீலத்துக்குள் போய் நிற்கிறாள். சங்கு ஊதுகிறது. அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள், மூட்டையைத் தோளில் போடுகிறாள், படியேறி வருகிறாள், மேல்படியில் பத்திரமாக நின்று கூந்தலைப் பிழிகிறாள். அம்மா பாறைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், ஒரே ஒரு எட்டு வைத்து, உலகு வெளியே வந்துவிடுகிறாள்.

சில நாட்களில் மட்டும் வெளியே வராமல் முடிவுவரை நிற்கிறாள். அன்றைக்கு முக்கில் யாரும் விலை சொல்லிக் கூவுவதில்லை.